பாதியில் நிற்காத ஸ்கீமா மாற்றம்: தரவுத்தளத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வாடிக்கையாளர் அட்டவணையில் முகவரிக்கு ஒரே ஒரு நெடுவரிசை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஒருவருக்கே மூன்று, நான்கு முகவரிகள் தேவைப்படுகின்றன. ஆகவே முகவரிகளுக்குத் தனி அட்டவணை உருவாக்க வேண்டும். பழைய நெடுவரிசையில் இருப்பதை அதற்குள் நகலெடுக்க வேண்டும். பிறகு பழைய நெடுவரிசையை நீக்க வேண்டும். மூன்றே கட்டளைகள். அவற்றை ஒரு கோப்பில் எழுதி, போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளுடன் வரும் பிஎஸ்கியூஎல் கருவியிடம் கொடுத்து ஓட்டுகிறீர்கள்.

முகவரி காலியாக இருக்கக் கூடாது என்று புதிய அட்டவணையில் ‘நாட் நல்’ கட்டுப்பாடு வைத்திருக்கிறீர்கள். பழைய தரவிலோ முகவரியே இல்லாத வாடிக்கையாளர் ஒருவர் இருக்கிறார். அந்த ஒரு பதிவால் நகலெடுக்கும் கட்டளை முழுவதும் தோற்கிறது. புதிய அட்டவணைக்குள் ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. பிஎஸ்கியூஎல் பிழையைத் திரையில் காட்டுகிறது. ஆனால் நிற்பதில்லை, நீங்கள் வேறுவிதமாகச் சொல்லியிருக்காவிட்டால் அடுத்த கட்டளைக்குப் போய்விடும். அடுத்த கட்டளை, பழைய நெடுவரிசையை நீக்குவது. அது வெற்றி பெறுகிறது. எல்லாருடைய முகவரியும் போய்விட்டது.

மூன்று கட்டளைகளையும் தனித்தனியாகப் படித்தால் எதிலும் குறை காண முடியாது. மூன்றையும் ஒன்றாகக் கட்டாமல் விட்டதுதான் குறை. ஒரு கணக்கில் கழித்து இன்னொரு கணக்கில் சேர்க்கும்போது இரண்டையும் ஒரே பரிவர்த்தனைக்குள், அதாவது எல்லாம் நடக்கும் அல்லது எதுவுமே நடக்காது என்ற ஒரு கட்டுக்குள், வைக்க வேண்டும் என்பதை எல்லாரும் முதல் பாடத்திலேயே கற்றுக்கொள்கிறோம். அட்டவணையின் அமைப்பை (ஸ்கீமாவை) மாற்றும் கட்டளைகளையும் அப்படியே கட்டலாம் என்பது பலருக்கும் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவருகிறது. அதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன்.

முதலில் கையால் செய்து பாருங்கள்

சோதனைக்கென்று ஒரு வெற்றுத் தரவுத்தளத்தை போஸ்ட்கிரெஸில் திறந்துகொள்ளுங்கள். இரண்டு திரைகளில் இரண்டு இணைப்புகள் வேண்டும். முதல் திரையில் ‘பிகின்’ என்று பரிவர்த்தனையைத் தொடங்கி, ‘கிரியேட் டேபிள்’ கட்டளையால் ஓர் அட்டவணையை உருவாக்கி, அதில் இரண்டு பதிவுகளைச் சேருங்கள். அதே திரையில் ‘செலக்ட்’ செய்தால் இரண்டும் தெரியும். இரண்டாவது திரையில் அதே ‘செலக்ட்’ செய்யுங்கள். அப்படி ஓர் அட்டவணையே இல்லை என்று பதில் வரும். முதல் திரைக்குத் திரும்பி, செய்ததையெல்லாம் திரும்பப் பெறும் ‘ரோல்பேக்’ கொடுங்கள். அங்கும் அட்டவணை மறைந்துவிடும்.

இப்போது தொடக்கத்தில் சொன்ன மூன்று கட்டளைகளை ‘பிகின்’, மாற்றங்களை நிலைநிறுத்தும் ‘கமிட்’ இரண்டுக்கும் நடுவே வைத்து ஓட்டுங்கள். நகலெடுப்பது தோற்றவுடன் போஸ்ட்கிரெஸ் அந்தப் பரிவர்த்தனையையே கெட்டுப்போனதாகக் குறித்துவிடும். அதற்குப் பிறகு வரும் கட்டளை எதுவாக இருந்தாலும், பரிவர்த்தனை முடியும்வரை ஏற்க மாட்டேன் என்று மறுத்துவிடும். நெடுவரிசை நீக்கமும் மறுக்கப்படும். கடைசியில் நீங்கள் ‘கமிட்’ என்று சொன்னாலும் அது ‘ரோல்பேக்’ என்றுதான் பதில் சொல்லும். அந்தப் பதிலைக் கவனித்துப் படிக்கும் பழக்கம் வேண்டும். ‘கமிட்’ அடித்துவிட்டோம் என்ற நினைப்பில் பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

கோப்பாக ஓட்டும்போது ‘சிங்கிள் டிரான்சாக்ஷன்’ என்ற விருப்பத்தையும், பிழை வந்தால் நிறுத்தச் சொல்லும் ‘ஆன் எரர் ஸ்டாப்’ மாறியையும் சேர்த்தே கொடுங்கள். இரண்டில் ஒன்று போதாதா என்று கேட்கலாம். போஸ்ட்கிரெஸில் முதலாவது இருந்தாலே தரவு தப்பிவிடும். ஆனால் இரண்டாவது இருந்தால்தான் எந்த இடத்தில் உடைந்தது என்பது நூறு வரி பிழைச்செய்திகளுக்கு அடியில் புதையாமல் பளிச்சென்று தெரியும்.

இது எப்படிச் சாத்தியமாகிறது?

தரவை அட்டவணைகளாக வைக்கும் உறவுநிலைத் தரவுத்தளத்துக்கு வித்திட்ட எட்கர் காட், ஒரு தரவுத்தளம் உண்மையிலேயே உறவுநிலை வகையைச் சேர்ந்ததா என்று பார்க்க 1985-இல் சில விதிகளை வகுத்தார். அவற்றில் நான்காவது, தரவுத்தளத்தைப் பற்றிய விவரங்களும் மற்ற தரவைப் போலவே அட்டவணைகளாக இருக்க வேண்டும் என்கிறது. போஸ்ட்கிரெஸ் இதை அப்படியே கடைப்பிடிக்கிறது. எந்தெந்த அட்டவணைகள் உள்ளன என்பது ‘பிஜி கிளாஸ்’ என்ற அட்டவணையில் இருக்கிறது. எந்த அட்டவணைக்கு எந்த நெடுவரிசைகள் என்பது ‘பிஜி அட்ரிபியூட்’ என்பதில் இருக்கிறது. புதிய நெடுவரிசை சேர்ப்பது என்றால் அடிப்படையில் ‘பிஜி அட்ரிபியூட்’டில் ஒரு பதிவு சேர்ப்பது. நெடுவரிசையை நீக்குவது என்றால் அந்தப் பதிவில் ‘நீக்கப்பட்டது’ என்று குறிப்பது. வட்டில் உள்ள பழைய மதிப்புகளை உடனே யாரும் தேடிப்போய் அழிப்பதில்லை.

அமைப்பும் தரவாகவே இருப்பதால், தரவை மீட்கும் அதே வழியால் அமைப்பையும் மீட்க முடிகிறது. இந்த ஒரு விஷயம் மனத்தில் பதிந்துவிட்டால், மற்ற தரவுத்தளங்கள் ஏன் வேறுமாதிரி நடந்துகொள்கின்றன என்பதும் விளங்கும்.

மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தின் 8.0 பதிப்பு 2018-இல் வரும்வரை, ஒவ்வோர் அட்டவணையின் வரையறையும் தனிக் கோப்பாக, இன்னோடிபி சேமிப்புப் பொறிக்கு வெளியே இருந்தது. பரிவர்த்தனையைக் காக்கும் பொறிக்கு வெளியே இருப்பதைப் பரிவர்த்தனையால் எப்படிக் காக்க முடியும்? 8.0-இல் அந்த வரையறைகள் இன்னோடிபிக்குள் வந்தன. அதனால் ஒரு தனிக் கட்டளை பாதியில் நிற்பது தவிர்க்கப்பட்டது. ஓர் எடுத்துக்காட்டு: இரண்டு அட்டவணைகளை ஒரே ‘டிராப் டேபிள்’ கட்டளையில் நீக்கச் சொல்கிறீர்கள், இரண்டாவது அட்டவணை இல்லவே இல்லை. 5.7 பதிப்பு முதலாவதை நீக்கிவிட்டுப் பிழை சொல்லும். 8.0 எதையும் தொடாமல் பிழை சொல்லும். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் பல கட்டளைகளை ஒரு கட்டாகக் கட்டும் வசதி அதிலும் இல்லை.

உங்கள் தரவுத்தளம் எந்தப் பக்கம்?

மைஎஸ்கியூஎல், மரியாடிபி, ஆரக்கிள் மூன்றிலும் அமைப்பை மாற்றும் கட்டளை வந்தவுடன், திறந்திருக்கும் பரிவர்த்தனை உங்களைக் கேட்காமலே ‘கமிட்’ ஆகிவிடும். ஆரக்கிள் அந்தக் கட்டளைக்கு முன்பும் ஒருமுறை, பின்பும் ஒருமுறை ‘கமிட்’ செய்கிறது. ஆகவே கட்டளை தோற்றாலும், அதற்கு முன்பு நீங்கள் செய்த தரவு மாற்றங்கள் நிலைத்துவிட்டிருக்கும். மைஎஸ்கியூஎல்லில் இதைச் சோதிப்பது எளிது: பரிவர்த்தனை தொடங்கி, ஒரு பதிவைச் சேர்த்து, ஏதாவது ஓர் அட்டவணையை உருவாக்கி, ‘ரோல்பேக்’ கொடுங்கள். ‘ரோல்பேக்’ எந்தப் பிழையும் சொல்லாமல் முடியும். சேர்த்த பதிவும் இருக்கும், அட்டவணையும் இருக்கும். பாதுகாப்பு இருப்பதுபோல் தோன்றி இல்லாமல் இருக்கும் இந்த நிலையைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன்.

போஸ்ட்கிரெஸ், எஸ்கியூஎல் சர்வர், எஸ்கியூலைட், டிபி2 ஆகியவை இன்னொரு பக்கம். இவற்றில் அமைப்பு மாற்றங்களையும் ‘ரோல்பேக்’ செய்யலாம். ஆனால் பிழை வந்தபின் என்ன நடக்கும் என்பதில் இவை ஒன்றுபோல் இல்லை. புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான்.

எஸ்கியூலைட்டில் நகலெடுக்கும் கட்டளை ‘நாட் நல்’ பிழையால் தோற்றால், அந்தக் கட்டளை மட்டும் திரும்பப் பெறப்படும். பரிவர்த்தனை திறந்தபடியே இருக்கும். உங்கள் ஸ்கிரிப்ட் (கட்டளைக் கோப்பு) பிழையைக் கண்டுகொள்ளாமல் தொடர்ந்தால், நெடுவரிசை நீக்கமும் ஓடும், ‘கமிட்’டும் ஓடும். பரிவர்த்தனைக்குள் வைத்தும் முகவரிகள் தொலையும். எஸ்கியூஎல் சர்வரிலும் இயல்பு நிலையில் இதே நிலைமைதான். அங்கே ஸ்கிரிப்டின் முதல் வரியாக ‘செட் எக்ஸ்ஆக்ட் அபார்ட் ஆன்’ என்று எழுதிவிடுங்கள். பிழை வந்ததும் முழுப் பரிவர்த்தனையும் ரத்தாகும். எஸ்கியூலைட்டின் கட்டளைக் கருவியை ‘பெயில்’ விருப்பத்தோடு ஓட்டுங்கள். பிழை கண்ட இடத்திலேயே நின்றுவிடும்.

எஸ்கியூலைட்டை பைத்தான் வழியாகப் பயன்படுத்துவோருக்கு ஒரு குறிப்பு. பைத்தானின் பழைய எஸ்கியூலைட் தொகுதி, அமைப்பு மாற்றக் கட்டளைக்கு முன் தானாகவே ‘கமிட்’ செய்துவந்தது. 3.6 பதிப்பில் அது நிறுத்தப்பட்டது. அதாவது தரவுத்தளத்துக்கு வசதி இருந்தும் இடையில் நிற்கும் நூலகம் அதைக் கெடுக்க முடியும். ஆகவே ஆவணத்தைப் படித்ததோடு விடாமல், மேலே சொன்ன சிறு சோதனையை நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் கருவி வழியாகவே ஒருமுறை செய்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

மைக்ரேஷன் கருவிகளில் கிடைக்கும் பெரிய பயன்

பெரும்பாலோர் கட்டளைகளைக் கையால் ஓட்டுவதில்லை. ஜாங்கோ, ரெயில்ஸ், அலெம்பிக், ஃபிளைவே போன்ற கருவிகளின் மைக்ரேஷன் வசதிகளே, அதாவது அமைப்பு மாற்றக் கோப்புகளை வரிசையாக ஓட்டும் வசதிகளே, ஓட்டுகின்றன. எந்தெந்த மைக்ரேஷன்கள் முடிந்தன என்பதை இவை தரவுத்தளத்திலேயே ஒரு சிறு அட்டவணையில் குறித்து வைக்கின்றன.

ஐந்து கட்டளைகள் கொண்ட ஒரு மைக்ரேஷன் மூன்றாவதில் உடைந்தது என்று எண்ணிப் பாருங்கள். பரிவர்த்தனை இல்லாத இடத்தில் முதல் இரண்டு மாற்றங்கள் நிலைத்துவிட்டன. ஆனால் முடிந்தது என்ற குறிப்பு பதிவாகவில்லை. பிழையைத் திருத்தி மறுபடி ஓட்டினால், முதல் கட்டளையே “இந்த அட்டவணை ஏற்கெனவே இருக்கிறது” என்று தடுக்கும். இனி பாதி நடந்ததைக் கையால் கழற்றிவிட்டுத்தான் தொடர முடியும். அப்படிக் கழற்றும் வேலை பெரும்பாலும் அவசரத்திலும் களைப்பிலும்தான் வந்து சேரும். நான் இதை ஒரு முழு இரவு செய்திருக்கிறேன். எந்த நெடுவரிசை எந்த ஓட்டத்தில் வந்தது என்று காகிதத்தில் எழுதி எழுதி அடித்தது இன்றும் நினைவில் இருக்கிறது.

மாற்றங்களும் அந்தக் குறிப்பும் ஒரே பரிவர்த்தனையில் இருந்தால் இந்த நிலை வரவே வராது. பிழை வந்தால் தரவுத்தளம் தொடங்கிய இடத்தில் இருக்கும், குறிப்பும் இருக்காது. கோப்பைத் திருத்தி அப்படியே மறுபடி ஓட்டலாம். நிரலை எழுதிச் சோதிக்கும் சூழலில் ஒரு நாளில் பத்து முறை இப்படித் திருத்தி ஓட்டுவோம் என்பதால், விபத்துத் தடுப்பைவிட இந்த அன்றாட எளிமையே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

போஸ்ட்கிரெஸிலும் எஸ்கியூலைட்டிலும் ஜாங்கோ ஒவ்வொரு மைக்ரேஷனையும் கேட்காமலே பரிவர்த்தனைக்குள் வைக்கிறது. மைஎஸ்கியூஎல்லில் அதே கோப்புக்கு அந்தக் காப்பு கிடைக்காது.

கமிட்டுக்கு முன் சரிபாருங்கள்

பலர் தவறவிடும் வாய்ப்பு இது. பரிவர்த்தனை திறந்திருக்கும்போதே, நகலெடுத்தது சரியா என்று அதே ஸ்கிரிப்ட் கேட்கலாம். பழைய அட்டவணையில் முகவரி உள்ள வாடிக்கையாளர்கள் எத்தனை பேர், புதிய அட்டவணையில் எத்தனை பதிவுகள் என்று எண்ணி, இரண்டும் ஒத்துவராவிட்டால் பிழை எழுப்பச் சொல்லுங்கள். போஸ்ட்கிரெஸில் ஒரு ‘டூ’ தொகுதிக்குள் ‘ரெய்ஸ் எக்செப்ஷன்’ எழுதினால் போதும். கணக்கு இடித்தால் எல்லாமே தானாகத் திரும்பிவிடும். மனிதக் கண் பார்த்து முடிவெடுக்கும்வரை பரிவர்த்தனையைத் திறந்து வைத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. அப்படித் திறந்து வைப்பது ஏன் ஆபத்து என்பதை அடுத்துப் பார்ப்போம்.

ஒத்திகையும் இதே வழியில்தான். உண்மைத் தரவின் காப்புப் பிரதியை வேறு சர்வரில் மீட்டெடுத்து, முழு மாற்றத்தையும் ஓட்டி, நேரத்தை அளந்து, கடைசியில் ‘ரோல்பேக்’ செய்யலாம். வேண்டுமளவு திரும்பச் செய்யலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ‘டெஃபர்டு’ என்று தள்ளிவைக்கப்பட்ட கட்டுப்பாடுகள் ‘கமிட்’ நேரத்தில்தான் சரிபார்க்கப்படும். ‘ரோல்பேக்’கில் முடியும் ஒத்திகை அவற்றைத் தொடாது. ‘செட் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் ஆல் இமீடியட்’ என்ற கட்டளையை முடிவுக்கு முன் கொடுத்தால் அவையும் சோதிக்கப்பட்டுவிடும்.

பூட்டு: இந்த வசதிக்கு நீங்கள் கொடுக்கும் விலை

போஸ்ட்கிரெஸில் ‘ஆல்டர் டேபிள்’ கட்டளையின் பெரும்பாலான வடிவங்கள் அந்த அட்டவணையின் மீது ‘ஆக்சஸ் எக்ஸ்க்ளூசிவ்’ என்ற பூட்டை எடுக்கின்றன. மிகக் கடுமையான பூட்டு அது. அது இருக்கும்வரை அந்த அட்டவணையிலிருந்து யாரும் படிக்கக்கூட முடியாது. எடுத்த பூட்டு கட்டளை முடிந்தவுடன் விடுபடாது. பரிவர்த்தனை முடியும்போதுதான் விடுபடும். ஆகவே முதல் வரியில் ஒரு நொடிக்கும் குறைவான ‘ஆல்டர் டேபிள்’, அதன்பின் இருபது நிமிட நகலெடுப்பு என்று எழுதினால், இருபது நிமிடமும் அந்த அட்டவணை மூடப்பட்டிருக்கும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. ஒரு நீண்ட அறிக்கைக்கான ‘செலக்ட்’ ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் ‘ஆல்டர் டேபிள்’ அது முடியட்டும் என்று காத்திருக்கிறது. அதுவரை எதுவும் மாறவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் வரும் ஒவ்வொரு சாதாரண ‘செலக்ட்’டும், காத்திருக்கும் உங்கள் கட்டளைக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது. நீங்கள் இன்னும் ஒன்றுமே செய்யவில்லை; பயன்பாடு நின்றுவிட்டது.

எனவே பரிவர்த்தனையின் தொடக்கத்திலேயே ‘செட் லோக்கல்’ வழியாக ‘லாக் டைம்அவுட்’ மதிப்பை இரண்டு, மூன்று நொடிகளாக வையுங்கள். அதற்குள் பூட்டு கிடைக்காவிட்டால் எல்லாம் ரத்தாகி, வரிசையில் நின்றவர்கள் விடுபடுவார்கள். சற்றுப் பொறுத்து மறுபடி முயலலாம். பாதியில் நின்ற மிச்சம் எதுவும் இருக்காது என்பதால் எத்தனை முறை முயன்றாலும் தொல்லை இல்லை. பரிவர்த்தனை வசதி இல்லாவிட்டால் இவ்வளவு தைரியமாகக் கைவிட்டு மறுபடி முயல முடியாது.

பூட்டு நேரத்தைக் குறைக்க இன்னும் சில வழிகள் உண்டு. 2018-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 11 முதல், மாறாத இயல்பு மதிப்புடன் நெடுவரிசை சேர்த்தால் முழு அட்டவணையும் திருப்பி எழுதப்படுவதில்லை. ஃபாரின் கீ (இன்னோர் அட்டவணையின் பதிவைச் சுட்டுவது), ‘செக்’ (மதிப்புக்கு நிபந்தனை விதிப்பது) போன்ற கட்டுப்பாடுகளை முதலில் ‘நாட் வேலிட்’ என்று சேர்த்துவிட்டு, பிறகு தனிப் பரிவர்த்தனையில் ‘வேலிடேட்’ செய்யலாம். அப்படிச் செய்தால் நீண்ட சரிபார்ப்பு நடக்கும்போதும் படிப்பதும் எழுதுவதும் தொடரும். பல அட்டவணைகளைத் தொடும் மாற்றம் என்றால், எப்போதும் ஒரே வரிசையில் தொடுங்கள்; இல்லையேல் இரண்டு பரிவர்த்தனைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும்.

சில ஆயிரம் பதிவுகள் கொண்ட அட்டவணை என்றால் அமைப்பு மாற்றம், நகலெடுப்பு, சரிபார்ப்பு எல்லாவற்றையும் தயங்காமல் ஒரே பரிவர்த்தனையில் வையுங்கள். கோடிக்கணக்கான பதிவுகள் என்றால் அமைப்பு மாற்றத்தை மட்டும் ஒரு சிறு பரிவர்த்தனையில் முடித்துவிட்டு, நகலெடுப்பைப் பல சிறு துண்டுகளாக வெளியே செய்யுங்கள். என் வழக்கம் இதுதான்.

கட்டுக்குள் அடங்காதவை

போஸ்ட்கிரெஸிலும் எல்லாம் அடங்காது. தரவுத்தளத்தையே உருவாக்குவது, நீக்குவது, நீக்கிய பதிவுகளின் இடத்தை மீட்கும் ‘வேக்யூம்’ ஆகியவை பரிவர்த்தனைக்குள் ஓடாது. அன்றாடம் குறுக்கே வருவது ‘கிரியேட் இன்டெக்ஸ் கன்கரன்ட்லி’. எழுதுவதைத் தடுக்காமல், தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸைக் கட்டும் இந்தக் கட்டளை உள்ளுக்குள் பல பரிவர்த்தனைகளாகப் பிரிந்து நடப்பதால், வெளியே ஒரு கட்டுக்குள் வைக்க இடமில்லை. இடையில் தோற்றால் ‘இன்வேலிட்’ என்ற குறியுடன் ஓர் அரைகுறை இன்டெக்ஸ் மிஞ்சும்; அதை நீக்கிவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும். இத்தகைய கட்டளைக்குத் தனி மைக்ரேஷன் கோப்பு எழுதுங்கள். ஜாங்கோவில் அந்தக் கோப்பில் ‘அட்டாமிக்’ என்பதை ‘ஃபால்ஸ்’ ஆக்க வேண்டும். ரெயில்ஸில் ‘டிசேபிள் டிடிஎல் டிரான்சாக்ஷன்’ என்று குறிப்பிட வேண்டும். வேறு எதையும் அந்தக் கோப்பில் சேர்க்காதீர்கள்.

பட்டியலிட்ட மதிப்புகளை மட்டும் ஏற்கும் ‘ஈனம்’ வகையில் புதிய மதிப்பு சேர்ப்பது போஸ்ட்கிரெஸ் 12 முதல் பரிவர்த்தனைக்குள் முடியும். ஆனால் ‘கமிட்’ ஆகும்வரை அந்த மதிப்பைப் பயன்படுத்த முடியாது. அடுத்தடுத்த எண்களைத் தரும் ‘சீக்வென்ஸ்’ எடுத்துக் கொடுத்த எண்கள் ‘ரோல்பேக்’கில் திரும்பாது, இடைவெளி விழும். அட்டவணையைக் காலிசெய்யும் ‘டிரங்கேட்’ போஸ்ட்கிரெஸிலும் எஸ்கியூஎல் சர்வரிலும் திரும்பும். மைஎஸ்கியூஎல்லிலும் ஆரக்கிளிலும் திரும்பாது. ஒன்றில் பழகிவிட்டு மற்றொன்றுக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

மைஎஸ்கியூஎல்லில் வேலை செய்கிறீர்களா?

மனம் தளர வேண்டாம். பாதியில் நின்றாலும் கேடு வராதபடி வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு மைக்ரேஷன் கோப்புக்கு ஒரே ஓர் அமைப்பு மாற்றக் கட்டளை என்று வைத்தால், எங்கே நின்றது என்பதில் குழப்பம் வராது. ஒரே அட்டவணைக்குப் பல மாற்றங்கள் வேண்டுமென்றால், எல்லாவற்றையும் ஒரே ‘ஆல்டர் டேபிள்’ கட்டளையில் காற்புள்ளியிட்டு அடுக்குங்கள், 8.0-இல் இன்னோடிபி அட்டவணைக்கு அந்தக் கட்டளை முழுதாக நடக்கும், அல்லது நடக்கவே நடக்காது. புதிய அட்டவணையைப் பழையதன் இடத்தில் வைக்க, ஒரே ‘ரினேம் டேபிள்’ கட்டளையில் இரண்டு பெயர்களையும் மாற்றிவிடலாம். சேர்க்கும் மாற்றங்களை முதலிலும், நீக்கும் மாற்றங்களைக் கடைசியிலும், இடையில் சரிபார்ப்போடும் செய்யுங்கள்.

நீக்குவதை மட்டும் தள்ளிப்போடுங்கள்

பரிவர்த்தனை தரவுத்தளத்தைக் காக்கும். அதனோடு பேசும் பயன்பாட்டு நிரலைக் காக்காது. நெடுவரிசை நீக்கம் ‘கமிட்’ ஆகும் நொடியில், பழைய நிரல் இன்னும் சில சர்வர்களில் ஓடிக்கொண்டிருக்கலாம். அது முகவரி நெடுவரிசையைக் கேட்கும். கிடைக்காமல் பிழை தரும். பெயர் மாற்றத்துக்கும் இது பொருந்தும். ‘கமிட்’ ஆன பிறகு ‘ரோல்பேக்’ கிடையாது. காப்புப் பிரதிதான் கதி.

எனவே தொடக்கத்தில் பார்த்த மூன்று கட்டளைகளில், முதல் இரண்டையும் சரிபார்ப்போடு ஒரே பரிவர்த்தனையில் இன்று முடியுங்கள். பழைய முகவரி நெடுவரிசையை அப்படியே விட்டுவையுங்கள். புதிய அட்டவணையைப் படித்து எழுதும் நிரல் எல்லாச் சர்வர்களுக்கும் போய்ச் சேர்ந்து, பழைய நெடுவரிசையை யாரும் தொடவில்லை என்று உறுதியான பிறகு, இடைக்காலத்தில் பழைய நிரல் எழுதிய முகவரிகள் விடுபட்டிருக்கின்றனவா என்று மீண்டும் எண்ணிப் பார்த்து, விடுபட்டதை நகலெடுத்து, அதே பரிவர்த்தனையில் அந்த நெடுவரிசையை நீக்குங்கள்.